மெதுவாத்தான் சார் வந்தேன்

பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி திண்ணையில் உட்கார்ந்து அறிவியல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முதல் பாடம், இயக்க விதிகள். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம், அதன் அலகு கிலோகிராம் மீட்டர் பெர் வினாடி என்று மூச்சு விடாமல் சொன்னாள். கணக்கும் போட்டாள், விடை சரி. நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: "கண்ணு, சோளக்காட்டில் ஒரு லாரி நின்னுக்கிட்டிருக்கு. அதோட உந்தம் எவ்வளவு?"

"ரொம்ப ஜாஸ்தி தாத்தா. லாரி எவ்வளவு கனம்!"

"நிக்குதும்மா."

"நின்னா என்ன, லாரி லாரிதானே?"

அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த மலையில் பாடம் நடத்தியவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேரும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். சூத்திரம் வாயில் இருக்கும். லாரி வேறொரு இடத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவன். எட்டாம் வகுப்பு வரைதான் என் எல்லை. உந்தம் என்ற சொல் பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. ஆறிலும் ஏழிலும் 'விசையும் இயக்கமும்' உண்டு, எட்டில் 'விசையும் அழுத்தமும்' உண்டு. வேகம், திசைவேகம், முடுக்கம் எல்லாம் ஏழிலேயே சொல்லியாகிவிடும். ஆனால் 'இவ்வளவு கனமான பொருள் இவ்வளவு வேகத்தில் வந்தால் அதை நிறுத்த என்ன பாடு' என்ற கேள்விக்கு ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் அரியூர் நாட்டில் எத்தனை பிள்ளைகள் அப்படிக் காத்திருந்தார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எட்டோடு நிற்பது சாதாரணம். மிளகு பறிக்கும் காலம் வந்தால் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. இப்போது எவ்வளவோ மாறியிருக்கிறது, உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், சந்தோஷம். ஆனாலும் நிற்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் உறுதி தருகிறது. உந்தமோ 15 வயதில் வருகிறது. ஒரு வருட வித்தியாசம். அந்த ஒரு வருடத்துக்குள் எங்கள் பையன் பைக் ஓட்டப் பழகிவிடுகிறான். சட்டப்படி கியர் வண்டிக்கு 18 வயது, சரக்கு வண்டிக்கு 20 வயது என்பதெல்லாம் அடிவாரத்தோடு சரி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வருவதற்குள் அந்தச் சட்டத்துக்கு மூச்சு வாங்கிவிடுகிறது.

இதை ஏன் இவ்வளவு கவலையாகச் சொல்கிறேன் என்றால், ஒருவன் எனக்குச் சொன்ன வார்த்தை.

என்னிடம் எட்டாவது வரை படித்தவன். கெட்டிக்காரன். பாடத்தில் சுமார், கையில் கெட்டிக்காரன். படிப்பை விட்டு, கிளீனராக இருந்து, டிரைவராகி, பிறகு சொந்தமாகப் பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினான். வாழைத்தார், பலா, அன்னாசி என்று மலையிலிருந்து கீழே இறக்குவான். ஒரு நாள் சந்தைக்கு முன்தினம். இரண்டு நடை போக வேண்டிய சரக்கை ஒரே நடையில் ஏற்றிக்கொண்டான். டீசல் மிச்சம். சரக்கின் மேல் அவன் சித்தப்பா மகன் உட்கார்ந்துகொண்டான். பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் சூடாகி, மிதித்தால் பிடிப்பு குறைந்துவிட்டது. ஒரு வளைவில் வேறு வழியில்லாமல் வண்டியை மலைப் பக்கம் திருப்பிப் பாறையில் மோதவிட்டான். அந்தப் புத்தி இல்லாவிட்டால் பள்ளம். உயிர் பிழைத்தான். வலது கால் இன்றைக்கும் நேராக ஊன்றாது. மேலே உட்கார்ந்திருந்தவன் தாரோடு தாராக முன்னால் வீசப்பட்டு, ஒரு வருடம் படுக்கையில் கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "எப்பவும் வர்ற வேகத்துலதான் சார் வந்தேன். மெதுவாத்தான் சார் வந்தேன்."

பொய் சொல்லவில்லை. அவன் மெதுவாகத்தான் வந்தான். தினமும் வரும் வேகம்தான். ஆனால் சுமை இரண்டு மடங்கு. வேகம் மாறவில்லை என்பதால் ஆபத்தும் மாறவில்லை என்று அவன் உண்மையாகவே நம்பியிருந்தான். வேகம் அதிகமானால் ஆபத்து என்று நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், போர்டு வைக்கிறோம். கனத்துக்கும் அதே கணக்குதான் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த 'யாரும்' என்பதில் முதல் ஆள் நான்.

கணக்காகவே பார்த்துவிடலாம். வண்டியும் சரக்கும் சேர்ந்து 2,000 கிலோ, வேகம் வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். உந்தம் 10,000. அதே வேகம், சரக்கைக் கூட்டி மொத்தம் 3,000 கிலோ ஆக்கினால் 15,000. பிரேக் கொடுக்கும் விசை அதேதான் என்றால், சமதரையில்கூட நிற்பதற்கு ஒன்றரை மடங்கு நேரம் ஆகும். இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். நிறுத்த நிறுத்த மலை தள்ளிக்கொண்டே இருக்கும். "எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். பிரேக் தனியாகச் சுமக்க வேண்டியதை எஞ்சினும் கொஞ்சம் தாங்கட்டும் என்பது அதன் பொருள். அவர்கள் யாரும் பத்தாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்கள் இல்லை.

கொண்டை ஊசி வளைவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். வளைவுக்குள் நுழையும்போது வண்டி கிழக்கு பார்த்துப் போகிறது என்று வையுங்கள். வெளியே வரும்போது மேற்கு பார்த்து வருகிறது. வேகமானியில் முள் நகரவே இல்லை, 18தான். ஆனால் உந்தம்? கிழக்கே 15,000 இருந்தது, மேற்கே 15,000 ஆகிவிட்டது. மாற்றம் 30,000. முழுதாக நிறுத்துவதற்கு ஆகும் வேலையைப் போல இரண்டு பங்கு! அதை யார் செய்தார்கள்? டயருக்கும் ரோட்டுக்கும் இடையில் இருக்கும் உள்ளங்கை அகலப் பிடிப்பு. அந்த வளைவைக் கடக்க 4 வினாடி ஆகிறது என்றால், சராசரியாக 7,500 நியூட்டன். ஏறத்தாழ 750 கிலோ சுமையைத் தூக்கத் தேவையான விசை, அதுவும் பக்கவாட்டில். அதே வளைவில் மணிக்கு 36 என்று வந்தால், உந்த மாற்றம் இரட்டிப்பு, கிடைக்கும் நேரமோ பாதி. விசை நாலு மடங்கு, 30,000 நியூட்டன். வண்டியின் முழு எடைக்கே சமம் அது. எந்த டயரும் தார் ரோட்டில் அவ்வளவு பக்கவாட்டுப் பிடிப்பு தராது. வண்டி திரும்பாது, நேராகப் போகும். வார இறுதியில் கீழேயிருந்து பைக்கில் கூட்டமாக வரும் தம்பிகளுக்கு இதை யாராவது சொன்னால் தேவலை.

இங்கே நம் தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் மெச்ச வேண்டும். 'வெலாசிட்டி' என்று சொல்லும்போது அதில் திசை இருப்பது பிள்ளைக்குத் தெரியாது. 'திசைவேகம்' என்றால் சொல்லிலேயே திசை உட்கார்ந்திருக்கிறது. 'உந்தம்' என்பதும் அருமையான சொல், உந்தித் தள்ளுவதிலிருந்து வந்தது. 'நிறை'தான் தகராறு. சந்தையில் நிறுத்துப் போடுகிற நம் பிள்ளைக்கு நிறையும் எடையும் ஒன்றேதான். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பொருளின் அளவுக்குத் 'திணிவு' என்றும், எடைக்கு 'நிறை' என்றும் எழுதுகிறார்கள். அதாவது நாம் ஒன்றுக்கு வைத்த பெயரை அவர்கள் மற்றொன்றுக்கு வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் கொல்லிமலைப் பிள்ளையும் ஒரே பரீட்சை எழுதினால் வேடிக்கைதான். ஆனால் உந்தம் இரண்டு இடத்திலும் உந்தமே. திணிவு நல்ல சொல் என்பது என் எண்ணம். சாக்கில் திணிப்பதைப் பார்த்த பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

திசையை மறக்கிற பிள்ளையைத் தலையில் குட்டாதீர்கள். டெகார்ட் என்ற பெரிய மேதை 1644இல் வெளியிட்ட நூலில், பொருளின் அளவையும் வேகத்தையும் பெருக்கி 'இயக்கத்தின் அளவு' என்று சொன்னார். திசையை விட்டுவிட்டார். அதனால் மோதல்கள் பற்றி அவர் சொன்ன விதிகளில் பல தவறாகிப் போயின. பிறகு ஹைகன்ஸ் போன்றவர்கள் திசையையும் சேர்த்துக் கணக்கை நேராக்கினார்கள். 1687இல் நியூட்டன் தன் நூலின் தொடக்கத்திலேயே அதை வரையறுத்து வைத்தார். உலகம் நாற்பது வருடம் தடுமாறிய இடத்தில் நம் பிள்ளை நாற்பது நிமிடத்தில் தெளிய வேண்டும் என்கிறோம்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், அந்த விபத்துக்குப் பிறகு ஏழாம் வகுப்பில் நானே உந்தத்தைச் சேர்த்துக்கொண்டேன். பரீட்சை அட்டையைச் சாய்த்து வைத்து, மேலிருந்து கோலிக்குண்டை உருட்டிவிட்டு, கீழே ஒரு காலித் தீப்பெட்டியை வைப்பேன். குண்டு மோதித் தீப்பெட்டி எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஸ்கேலில் அளப்பார்கள். பிறகு கண்ணாடிக் கோலிக்குப் பதிலாக ஒர்க்‌ஷாப்பில் வாங்கிவந்த பேரிங் குண்டு. ஏறக்குறைய ஒரே பருமன், ஆனால் மூன்று மடங்கு கனம். தீப்பெட்டி பறக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். "தீப்பெட்டி இரண்டு மடங்கு தூரம் போனால் உந்தம் இரண்டு மடங்கு" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பல வருடம் எழுதிப்போட்டேன்.

என்னிடம் படித்துப் பிறகு கல்லூரியில் இயற்பியல் படித்த ஒரு பெண் விடுமுறையில் வந்தபோது வகுப்பைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், அது தப்பு சார். தீப்பெட்டி தேய்ஞ்சு நிக்கிற தூரம் வேகத்தோட வர்க்கப்படி போகும். வேகம் ரெண்டு மடங்கானா தூரம் நாலு மடங்காகும்." யோசித்துப் பார்த்தால் சரிதான். பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் இப்படித்தான். வேகம் இரட்டித்தால் தூரம் நாலு மடங்கு. நான் தூரத்தை உந்தம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பில், "போன வாரம் நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு உந்தம் ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, சார் தப்பு என்று ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

அவளே மாற்று வழியும் சொன்னாள். அதைத்தான் இப்போது மற்ற ஆசிரியர்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். ஒரு மரக்கிளை, 8 அடிக் கயிறு இரண்டு, ஒரு கிலோ மணல் கட்டிய சின்னப் பை, 10 கிலோ மண் நிரப்பிய சாக்கு. இரண்டையும் ஒட்டினாற்போல் ஒரே மட்டத்தில் தொங்கவிடுங்கள். சின்னப் பையை ஒரு அடி பின்னால் இழுத்து விட்டால், பெரிய சாக்கு சுமார் ஒரு அங்குலம் ஒதுங்கும். இரண்டு அடி இழுத்து விட்டால் சுமார் இரண்டு அங்குலம். தொங்கும் பையை எவ்வளவு இழுக்கிறோமோ, அந்த விகிதத்தில்தான் அடியில் அதன் வேகம் இருக்கும். ரொம்ப உயரம் இழுக்காதவரை இது சரியாக வரும். இப்போது பையில் இன்னொரு கிலோ மணலைப் போட்டு, ஒரே அடி இழுங்கள். மறுபடியும் இரண்டு அங்குலம்!

இதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ இரண்டு அடியும், இரண்டு கிலோ ஒரு அடியும் சாக்குக்கு ஒன்றுதான். கனத்துக்கும் வேகத்துக்கும் ஒரே மரியாதை. பெருக்கல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையே சொல்லிவிடும். பிறகு சூத்திரத்தை எழுதுங்கள். சம எடையுள்ள இரண்டு பைகளை எதிரெதிராக ஒரே தூரம் இழுத்து விட்டால், நடுவில் மோதித் துவண்டு நின்றுவிடும். திசைக்கும் வேறு விளக்கம் வேண்டாம். பையைத் தொடாமல் தொங்கவிட்டு, "இதுக்கு எவ்வளவு உந்தம்?" என்றும் கேளுங்கள். என் பேத்தி அங்கேதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இதன் மூத்த வடிவம் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742இல் எழுதியது. தொங்கும் மரப்பலகையில் துப்பாக்கிக் குண்டைச் சுட்டு, பலகை விலகும் அளவைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கோட்டைகளைச் செப்பனிட நம் பக்கம் வந்து, 1751இல் கடலூர் அருகே புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் பள்ளிகள் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

எங்கள் மலைக்கு வில் இல்லாமல் பேச்சு ஏது? ஆடி 17, 18இல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும், வில்வித்தைப் போட்டியும் உண்டு. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஓரியின் ஒரே அம்பு துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரு பையன் கேட்டான்: "சார், அவ்வளவு உந்தம் இருந்தா யானை பின்னால சாய்ஞ்சிருக்கணுமே?" நல்ல கேள்வி. 30 கிராம் அம்பு வினாடிக்கு 50 மீட்டரில் போனாலும் உந்தம் ஒன்றரைதான். கையில் ஒரு கிலோ சாமையோடு கொஞ்சம் விரைவாக நடந்துவரும் பாட்டியின் பொட்டலத்துக்கும் அதே ஒன்றரை. 3,000 கிலோ யானையை அது வினாடிக்கு அரை மில்லிமீட்டர்கூட முழுசாக நகர்த்தினால் அதிகம். துளைப்பது வேறு, தள்ளுவது வேறு. துளைப்பது கூர்முனையின் அழுத்தம், அது எட்டாம் வகுப்புப் பாடம். புலவரைக் கணக்கால் மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பையன் பாட்டைச் சந்தேகப்பட்டதால் அழுத்தம், உந்தம் இரண்டையும் ஒரே நாளில் பிரித்துத் தெரிந்துகொண்டான்.

சக ஆசிரியர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "சார், வரையறைக்கு 2 மார்க், கணக்குக்கு 4 மார்க். சாக்குத் தொங்கவிட்டா யார் மார்க் போடுவா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ஆசிரியரின் கழுத்தில் தேர்ச்சி விகிதம் தொங்குகிறது, அவரிடம் சாக்கைத் தொங்கவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ஏழிலோ எட்டிலோ வையுங்கள் என்கிறேன். அங்கே பொதுத்தேர்வு இல்லை. வரையறை வேண்டாம், அலகு வேண்டாம், கனமும் வேகமும் சேர்ந்து என்ன செய்யும் என்பது மட்டும் போதும். இரண்டு பாடவேளைக்கு மேல் ஆகாது. பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால் யோசிக்கட்டும். அவர்கள் யோசிக்கும்வரை தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் யார் அனுமதியும் கேட்காமல் செய்துகொள்ளலாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுப் பலாமரத்தடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். சாக்குக்கு மண் அள்ளிக் கொடுப்பது, கிளையில் ஏறமுடியாத காலோடு கீழே நின்று கயிற்றின் முடிச்சைச் சரிபார்ப்பது எல்லாம் அந்தப் பழைய டிரைவர்தான். முடிச்சுப் போடுவதில் இன்றைக்கும் அவனை மிஞ்ச ஆள் இல்லை. போன வாரம் ஒரு பையன் பையில் மூன்று கிலோ போட்டு லேசாக விட்டுவிட்டு, "மெதுவாத்தானே விட்டேன், சாக்கு ஏன் இவ்வளவு போகுது?" என்று கேட்டான். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனே உட்கார்ந்து, காலைக் காட்டி, அந்தப் பையனுக்கு விளக்கினான். என்னைவிட நன்றாகவே விளக்கினான்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று: கயிறு இரண்டும் ஒரே நீளம் இருக்கட்டும், பிள்ளைகள் சாக்குக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம். கிளை தாங்குமா என்று முதலில் நீங்களே தொங்கிப் பாருங்கள். முருங்கை மரத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.